1 டிகிரி சூடு ஏறினால் கண்ணாடி மேல் 120 கிலோ! பொட்டிபுரத்துக்காக வடிவமைத்த வாயுப் பெட்டிகள் சொல்லும் அழுத்தத்தின் கதை

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு மூணாறு பஸ்ஸில் ஏறுங்கள். பிரிக்காமல் அப்படியே மடியில் வைத்திருங்கள். முந்தல் செக்போஸ்ட் தாண்டும்வரை அது சாதாரண பாக்கெட்தான். கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்து, காற்று சில்லென்று முகத்தில் படும் உயரத்துக்கு வரும்போது பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் காதும் ஓரிரு முறை அடைத்துத் திறந்திருக்கும்.

பாக்கெட்டுக்குள் யாரும் புதிதாகக் காற்று அடைக்கவில்லை. கீழே இருந்தபோது உள்ளே எத்தனை மூலக்கூறுகள் இருந்தனவோ, மேலேயும் அத்தனைதான். அப்போ அதை உப்ப வைத்தது யார்?

இதே கேள்வி, இதே போடி மலையடிவாரத்துக்காகத் திட்டமிட்ட ஒரு பெரிய அறிவியல் கருவியிலும் எழுந்தது. பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஐஎன்ஓ திட்டம்தான் அது. அந்தக் கருவியின் உயிர்நாடி, வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே இருக்கும் வாயு, வெளிக்காற்றைவிட ஆயிரத்தில் சில பங்கு கூடுதலாகத் தள்ளினாலே அந்தப் பெட்டிகளுக்குச் சிக்கல்.

அவ்வளவு சின்ன வித்தியாசம் ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை? அதைப் புரிந்துகொள்ள, வாயு எப்படித் 'தள்ளுகிறது' என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கையில்லாத காற்று எப்படித் தள்ளும்?

வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் பறந்துகொண்டே இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் சராசரியாக விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். மணிக்கு 1,800 கிலோமீட்டர். பயணிகள் விமானத்தின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு.

ஆனால் எந்த மூலக்கூறும் அந்த வேகத்தில் நெடுந்தூரம் போக முடியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போவதற்குள் இன்னொரு மூலக்கூறு குறுக்கே வந்துவிடும். மோதும், திசை மாறும், மறுபடி மோதும். இப்படி அலைந்து திரிவதில் சில, பாத்திரத்தின் சுவரில் போய் மோதித் திரும்புகின்றன. அப்படி மோதித் திரும்பும் ஒவ்வொரு முறையும் சுவருக்கு ஒரு சின்ன இடி விழுகிறது.

அந்த இடிகளின் மொத்தத்துக்குத்தான் அழுத்தம் என்று பெயர். வாயுவுக்குக் கையும் இல்லை, தள்ள வேண்டும் என்ற நோக்கமும் இல்லை. மோதல்தான் எல்லாம்.

தனி மூலக்கூறின் இடி ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சிறியது. எண்ணிக்கைதான் தலைசுற்ற வைக்கும். உங்கள் கையில் இருக்கும் போனின் ஸ்கிரீனில் ஒரு சதுர சென்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரே ஒரு விநாடியில் விழும் மோதல்கள், 3 என்ற எண்ணைப் போட்டு அதன் பின்னால் 23 பூஜ்ஜியங்கள் போட்டால் வருமே, ஏறக்குறைய அத்தனை.

இடி விட்டு விட்டு விழுந்தால், ஏன் 'தடதட'ன்னு தெரியல?

நியாயமான சந்தேகம். தனித்தனியாக வந்து மோதுகிறது என்றால், அழுத்தமும் விட்டு விட்டுத்தானே வர வேண்டும்? டயரின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஏன் நடுங்காமல் ஒரே இடத்தில் நிற்கிறது?

போடியில் ஏலக்காயோடு சேர்ந்து கைமாறும் இன்னொரு மலைச்சரக்கு மிளகு. எவர்சில்வர் தட்டு வைத்த ஒரு முள் தராசைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலிருந்து ஒரே ஒரு மிளகை அதில் போட்டால் டங்கென்று பட்டுத் தெறித்து ஓடும். முள் லேசாகத் துடித்து மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். பத்து மிளகு போட்டால் பத்துத் துடிப்பு. மூட்டையைச் சாய்த்துத் தொடர்ந்து கொட்டினால்? மிளகெல்லாம் தெறித்துக் கீழே ஓடிக்கொண்டே இருந்தாலும், கொட்டுகிற வரைக்கும் முள் ஒரு எண்ணைத் தொட்டு அங்கேயே நிற்கும். தட்டில் எதுவும் தங்கவில்லை. ஆனாலும் தராசு ஒரு எடையைக் காட்டுகிறது.

மோதல்களின் எண்ணிக்கை கூடக்கூட, நடுக்கம் மொத்தத்தோடு ஒப்பிடுகையில் குறைந்துகொண்டே போகும். நூறு மோதல் எதிர்பார்க்கும் இடத்தில் ஏற்ற இறக்கம் பத்து இருக்கும். அதாவது 10 சதவீதம். பத்தாயிரம் மோதலில் அது நூறு, 1 சதவீதம்தான். ஒரு சதுர மில்லிமீட்டர் சுவரில், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழும் காற்று மோதல்களுக்கு இதே கணக்கைப் போட்டால், நடுக்கம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எந்த மீட்டரும் அதைக் கவனிக்காது. நமக்கு அது ஆடாத, அசையாத ஒரு தள்ளலாகத்தான் தெரியும்.

சூடு ஏறினால் அழுத்தம் ஏன் ஏறுகிறது?

ஒரு மூலக்கூறு இரண்டு சுவர்களுக்கு நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, ஒவ்வொரு இடியும் இரண்டு மடங்கு பலமாக விழும். இரண்டு, போய்த் திரும்பி வரும் நேரம் பாதியாகிவிடுவதால் இடிகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகும். ஆக, சுவர் வாங்கும் மொத்த அடி நான்கு மடங்கு.

வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடுகிறது என்பதுதான் இதன் பொருள். மூலக்கூறின் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் கூடும். வாயுவின் வெப்பநிலை என்று நாம் சொல்வது இந்த இயக்க ஆற்றலின் சராசரியைத்தான். அதனால்தான் மூடிய பாத்திரத்தில் வெப்பநிலையும் அழுத்தமும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன.

கொள்ளளவைப் பாதியாக்கினாலும் இதே கதைதான். அதே மூலக்கூறுகள் பாதி இடத்தில் அலைவதால் சுவரைத் தொடும் தடவைகள் இரண்டு மடங்கு. அழுத்தமும் இரண்டு மடங்கு. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. அதற்குக் காரணம் துகள்களின் மோதல்தான் என்று 1738-இல் டேனியல் பெர்னூலி கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது மூலக்கூறை யாரும் பார்த்ததில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து கிளாசியஸ், மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மான் ஆகியோர் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கணக்கு முழுமையான கோட்பாடாக வளர்ந்தது.

இதில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். வாயுக் கணக்கில் வெப்பநிலையை மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும். 27 டிகிரி செல்சியஸ் என்றால் அந்தக் கணக்கில் 300. ஆகவே அறையில் 1 டிகிரி ஏறினால், மூடிய பெட்டிக்குள் அழுத்தம் 300-இல் ஒரு பங்கு ஏறும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். பொட்டிபுரத்துப் பெட்டிகளுக்கு வரும்போது தெரியும் அதன் பலம்.

காற்றின் எடையா, மோதலா?

பள்ளியில் வேறு மாதிரிப் படித்திருப்போம். 'நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடைதான் வளிமண்டல அழுத்தம்' என்று. அப்போ மோதல் கதை தப்பா?

இரண்டும் சரிதான். மேலே உள்ள காற்றின் எடை, கீழே உள்ள காற்றை நெருக்கி வைக்கிறது. நெருக்கமாக இருப்பதால் அங்கே ஒரு லிட்டரில் மூலக்கூறுகள் அதிகம்; சுவரில் விழும் மோதல்களும் அதிகம். எடை என்பது காரணம். மோதல் என்பது அது நடக்கும் விதம். மலை ஏறினால் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது, நெருக்கம் குறைகிறது, மோதலும் குறைகிறது.

இதை மலை ஏறியே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. பாஸ்கல் கேட்டுக்கொண்டதன் பேரில், அவருடைய மைத்துனர் ஃப்ளோரன் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்ஸின் பியூ டி டோம் மலையில் பாதரசக் குழாயோடு ஏறினார். அடிவாரத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. அடிவாரத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க அதைக் கவனிக்க ஆளும் வைத்திருந்தார். அது அசையவில்லை. மாறியது வானிலை அல்ல, உயரம்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறக்குறைய அதே 1,000 மீட்டர்தான். போடியில் காற்றழுத்தம் தோராயமாக 970 மில்லிபார் என்றால், போடிமெட்டில் 860. குறைவது சுமார் 110 மில்லிபார். பாதரசக் கணக்கில் அதுவும் 8 சென்டிமீட்டர் சொச்சம். சிப்ஸ் பாக்கெட்டின் ஒரு பக்கம் 20-க்கு 15 சென்டிமீட்டர் என்றால், பாக்கெட் கொஞ்சமும் விரியாமல் இருக்கும் பட்சத்தில் உள்ளிருந்து அந்தப் பக்கத்தின் மேல் விழும் கூடுதல் தள்ளல் 33 கிலோ எடைக்குச் சமம். அதனால்தான் அது உப்பி, தன் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டு, அந்த வித்தியாசத்தைத் தணித்துக்கொள்கிறது. மேலே குளிர் என்பதால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் வேகமும் சற்றுக் குறைந்திருக்கும். இல்லையென்றால் இன்னும் உப்பியிருக்கும்.

முதல் கேள்விக்குப் பதில் இதுதான். பாக்கெட்டை உப்ப வைத்தது உள்ளே கூடிய காற்று அல்ல. வெளியே குறைந்த மோதல்.

போன் ஸ்கிரீன் மேல் 100 கிலோ

நீங்கள் இதைப் படிக்கும் ஸ்கிரீன் 15-க்கு 7 சென்டிமீட்டர் இருக்கலாம். அதன் மேல் காற்று கொடுக்கும் மொத்த விசை, 100 கிலோ மூட்டையை ஏற்றி வைத்ததற்குச் சமம். ஆனாலும் போன் நொறுங்கவில்லை. காரணம், பின்பக்கத்திலும் உள்ளே உள்ள இடுக்குகளிலும் அதே காற்று அதே அளவுக்கு எதிர்த்திசையில் இடித்துக்கொண்டிருக்கிறது.

நம் கண்ணுக்கும் உடம்புக்கும் தெரிவது அழுத்தம் அல்ல. இரண்டு பக்க அழுத்தங்களின் வித்தியாசம் மட்டும்தான். பஸ்ஸில் காது அடைப்பதும் அதனால்தான். செவிப்பறைக்கு வெளியே மோதல் குறைந்துவிட்டது, உள்ளே இன்னும் போடி அழுத்தமே இருக்கிறது. எச்சில் விழுங்கினால் உள்ளிருக்கும் குழாய் திறந்து இரண்டும் சமமாகும்.

பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்கும்போது மீட்டர் காட்டும் 30-ம் வித்தியாசம்தான். உள்ளே உண்மையில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுமார் 45. காலையில் 20 டிகிரியில் காற்று பிடித்த டயர், ஓடி ஓடி 50 டிகிரிக்குச் சூடானால், 45 என்பது ஏறக்குறைய 50 ஆகும். மீட்டரோ 30-லிருந்து 35-க்குத் தாவியதாகக் காட்டும். சூடான டயரில் அளக்காதீர்கள் என்று மெக்கானிக் சொல்வதன் காரணம் இதுவே.

சரி, இந்தக் கணக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு இப்போது பொட்டிபுரத்துக்குப் போவோம்.

அம்பரப்பர் மலைக்குள் என்ன வைக்க நினைத்தார்கள்?

தேனி மாவட்டம், பொட்டிபுரம் ஊராட்சி. அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதையின் முடிவில் ஒரு பெரிய குகை. எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை மூடியிருக்க வேண்டும். அந்தக் குகைக்குள் 50,000 டன் எடையுள்ள 'ஐகால்' என்ற காந்தமேற்றிய இரும்புக் கருவி. இதுதான் திட்டம்.

ஐகால் தேடுவது நியூட்ரினோக்களை. காற்று மூலக்கூறுகளுக்கு நேர் எதிரான குணம் கொண்ட துகள் இது. சூரியனிலிருந்து மட்டும் விநாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்து போகின்றன. உடம்பு, சுவர், மலை எதிலும் மோதாமல் போய்விடுவதால் அவை எந்த அழுத்தத்தையும் தருவதில்லை. ஐகால் முக்கியமாகத் தேட இருந்தது, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்களை. அவற்றில் அத்தி பூத்தாற்போல ஒன்று இரும்பின் அணுக்கருவில் மோதினால், மியூவான் போன்ற மின்னூட்டம் கொண்ட துகள் வெளியே வரும். அந்த மியூவானின் தடத்தைப் பிடிப்பதுதான் வாயுப் பெட்டிகளின் வேலை.

இரும்புத் தகடுகள் 151 அடுக்கு. அவற்றின் இடுக்குகளில் 150 அடுக்காகச் சுமார் 28,800 கண்ணாடிப் பெட்டிகள். 'ஆர்பிசி' என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள். நடுவே வெறும் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் வாயு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சுமார் 10,000 வோல்ட்.

மியூவான் உள்ளே புகுந்து போகும்போது வாயு மூலக்கூறுகளிலிருந்து சில எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. பத்தாயிரம் வோல்ட்டின் இழுப்பில் அவை வேகமெடுத்து, வழியில் உள்ள மூலக்கூறுகளில் மோதி இன்னும் பல எலெக்ட்ரான்களை விடுவிக்கின்றன. பனிச்சரிவு போலப் பெருகும் அந்தக் கூட்டம் ஒரு மின் துடிப்பாகப் பதிவாகிறது. மோதாத துகளைப் பிடிக்க, மோதிக்கொண்டே இருக்கும் வாயுவை நம்புகிறார்கள்.

1 மில்லிபார் என்பது 35 கிலோ

பெட்டியின் ஒரு முகத்தின் பரப்பு சுமார் 3.5 சதுர மீட்டர். வெளிக்காற்று அதன் மேல் கொடுக்கும் விசை எவ்வளவு தெரியுமா? 35 டன் எடைக்குச் சமம். உள்ளே உள்ள வாயுவும் அதே 35 டன்னுக்கு எதிர்த்து இடிப்பதால், 3 மில்லிமீட்டர் கண்ணாடி நிம்மதியாக இருக்கிறது.

இந்தச் சமநிலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிபார் பிசகினால்? 35 டன்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு 35 கிலோ. அது அப்படியே கண்ணாடியின் மேல் விழும்.

1 மில்லிபார் பிசகுவது ஒன்றும் அபூர்வமில்லை. நம் ஊர் வானமே அதை தினமும் செய்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். விடிகாலை 4 மணி, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. கடல் அலையின் ஏற்ற வற்றம் போல இது வளிமண்டலத்தின் ஏற்ற வற்றம். இதன் வீச்சு சுமார் 3 மில்லிபார். வாயுவை அடைத்து இறுக்கி மூடிய பெட்டி என்றால், காலைக்கும் மாலைக்கும் நடுவில் அதன் ஒவ்வொரு முகத்தின் மேலும் 100 கிலோ ஏறி இறங்கும்.

வெப்பநிலை இன்னும் மோசம். 300-இல் ஒரு பங்கு என்று பார்த்தோமே, அதுதான். கடல் மட்ட அழுத்தம் 1,013 மில்லிபாரில் 300-இல் ஒரு பங்கு சுமார் 3.4 மில்லிபார். பெட்டி இம்மியும் விரியாது என்று வைத்தால், அறை 1 டிகிரி சூடானதற்கே கண்ணாடியை உள்ளிருந்து 120 கிலோ தள்ளும். ஏசி நின்று 5 டிகிரி ஏறினால் 600 கிலோ.

அப்போ எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? இரண்டு வழிகள்.

முதலாவது, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஏராளமான சின்னப் பிளாஸ்டிக் பொத்தான்கள். 2 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்தப் பொத்தான்கள் இரண்டு கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்கும். வெளிக்காற்று கூடுதலாக அழுத்தினால் கண்ணாடி உள்வாங்காமல் தாங்கும். உள்ளிருந்து வாயு தள்ளினால் கண்ணாடி புடைக்காமல் இழுத்துப் பிடிக்கும். அழுத்த வித்தியாசம் அதிகமானால் பசை விட்டுப்போகும். ஒரு பொத்தான் கழன்றால் அதன் பங்குச் சுமை பக்கத்துப் பொத்தான்கள் மேல் விழும். 2 மில்லிமீட்டர் இடைவெளி அந்த இடத்தில் விரிந்துவிட்டால் மின்புலம் மாறி, அங்கே துகளைக் கண்டுபிடிக்கும் திறன் போய்விடும்.

இரண்டாவது, பெட்டியை இறுக்கி மூடாமல் இருப்பது. வாயு ஒரு மூலையில் நுழைந்து இன்னொரு மூலை வழியாக மெதுவாக வெளியேறும். வெளியேறும் குழாயின் நுனி, சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெயில் மூழ்கியிருக்கும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் வாயு குமிழி குமிழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். குழந்தை ஸ்ட்ராவில் ஜூஸை ஊதிக் குமிழி விடுவது போலத்தான். பல நூறு கிலோ சுமையைத் தடுத்து நிறுத்துவது, விரல் நகத்தின் உயரம்கூட இல்லாத எண்ணெய்.

கசிவா, வானிலையா?

பெட்டி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். வாயுவை நிரப்பி, வழிகளை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தால் போதாதா? போதாது. U வடிவக் குழாயில் நீர்மட்டம் பார்த்து அளந்தால் உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசம்தான் தெரியும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறும் நேரத்தில் அளந்தால், நல்ல பெட்டிகூடக் கசிவது போலத் தோன்றும். வெளி அழுத்தம் இறங்கும் நேரத்தில் அளந்தால் ஓட்டைப் பெட்டியும் தேறிவிடும்.

அதனால் உள்ளே உள்ள முழு அழுத்தம், வெளியே உள்ள முழு அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் தொடர்ந்து பதிவு செய்து, வானத்தின் பங்கையும் சூட்டின் பங்கையும் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் கசிவு என்று கணக்கிட வேண்டும். ஐஎன்ஓ குழுவினர் இந்த முறையைத் தங்கள் பெட்டிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரியே மலையடிவாரத்தில் இரண்டாவது குழாயை வைத்துக் காவலுக்கு ஆள் போட்டதும் இதே காரணத்துக்குத்தான்.

கனமான வாயு, அதே அழுத்தம்

பெட்டிக்குள் இருப்பது சாதாரணக் காற்று இல்லை. சுமார் 95 சதவீதம், கார் ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் பயன்பட்டு வரும் ஆர்-134ஏ. 4.5 சதவீதம் ஐசோபியூட்டேன். மிச்சம் துளியூண்டு சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு. எலெக்ட்ரான் பெருக்கம் கட்டுமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வது பின்னிரண்டின் வேலை.

ஆர்-134ஏ மூலக்கூறு, காற்றின் சராசரி மூலக்கூறைப் போல மூன்றரை மடங்கு கனம். கனமான மூலக்கூறு மோதினால் கண்ணாடிக்கு அடி பலமாக விழாதா என்று கேட்கலாம். விழாமல் இருக்கக் காரணம் வேகம். ஒரே வெப்பநிலையில் எல்லா வாயு மூலக்கூறுகளுக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே. அதனால் கனமானது மெதுவாகப் போகும். காற்று மூலக்கூறு விநாடிக்கு 500 மீட்டர் போகும் இடத்தில், ஆர்-134ஏ சுமார் 270 மீட்டர்தான் போகும். ஒவ்வொரு இடியும் பலம். ஆனால் இடிகள் குறைவு. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. ஒரே கொள்ளளவில், ஒரே வெப்பநிலையில், ஒரே எண்ணிக்கை மூலக்கூறு இருந்தால் எந்த வாயுவானாலும் அழுத்தம் ஒன்றே.

உயரமும் இங்கே கணக்கில் வரும். அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் விலகி நிற்கும், எலெக்ட்ரான் அடுத்த மோதலுக்கு முன் கூடுதல் தூரம் ஓடி, கூடுதல் வேகம் எடுக்கும், பெருக்கம் அதிகமாகிவிடும். மதுரையில் 1,000 மில்லிபாரில் 10,000 வோல்ட்டில் வேலை செய்யும் பெட்டியை 970 மில்லிபார் உள்ள போடிக்குக் கொண்டுவந்தால், வோல்டேஜைத் தோராயமாக 300 குறைக்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இதே வகைப் பெட்டிகளுக்கு வோல்டேஜை அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பத் திருத்துவது வழக்கமான வேலை.

சிலிண்டர் மாதிரி வெடிக்குமா?

28,800 வாயுப் பெட்டிகள் என்றதும் வீட்டு கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வரலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. இந்தப் பெட்டிகளில் அது ஆயிரத்தில் சில பங்குதான் கூடுதல். உடைந்தால் கண்ணாடி விரியும், வாயு மெல்லக் கசியும்; சிலிண்டர் போலச் சீறிக் கிளம்ப உள்ளே அழுத்தம் இல்லை. தீப்பிடிக்கக்கூடிய ஐசோபியூட்டேனின் பங்கைக் குறைவாக வைத்திருப்பதும் கலவை எரியாமல் இருக்கத்தான். அதேநேரம், கலப்பதற்கு முன் இந்த வாயுக்கள் வந்து சேர்வது அழுத்தமேற்றிய சிலிண்டர்களில்தான். எந்தத் தொழிற்கூடத்திலும் தேவைப்படும் எச்சரிக்கை அங்கே தேவை.

வாயு விஷயத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு. ஒரு பெட்டியின் கொள்ளளவு சுமார் 7 லிட்டர். எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்தால் 2 லட்சம் லிட்டர். புவி வெப்பமாவதில் ஆர்-134ஏ, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு இருபதாயிரம் மடங்குக்கும் மேல். காற்றைவிடக் கனம் என்பதால், காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் கசிந்தால் தரையோடு தங்கும். இதனால்தான் வெளியேறும் வாயுவைக் காற்றில் விடாமல் சுத்தம் செய்து மறுபடி சுற்றவிடும் அமைப்பை ஐஎன்ஓ குழு உருவாக்கியது. ஒரு மில்லிபார் கசிவையும் விடாமல் துரத்தியதில் இந்தக் கணக்கும் அடக்கம்.

திட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. 2017-இல் சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி கொடுத்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் சுட்டிக்காட்டி, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலை குடையப்படவில்லை. ஆனால் பெட்டிகள் சும்மா இருக்கவில்லை. மதுரையில் 85 டன் எடையில் அமைத்த 'மினி ஐகால்' என்ற சிறிய மாதிரியில் அவை மியூவான்களைப் பதிவு செய்திருக்கின்றன. மலையைக் குடையலாமா என்ற கேள்விக்குப் பதில் காட்டையும், பாறையையும், அங்கே வாழும் மக்களையும் வைத்துத்தான் முடிவாகும். வாயு அழுத்தம் அதைத் தீர்மானிக்காது. ஆனால் அந்த விவாதத்தில் 'வாயு' என்ற சொல் வரும்போது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

திரும்பி வரும்போது நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். போடிமெட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்து, காலி பாட்டிலை மூடியால் இறுக்கி மூடிப் பையில் போடுங்கள். உள்ளே இருப்பது 860 மில்லிபார் காற்று. முந்தலைத் தாண்டிப் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெளியே எடுத்துப் பாருங்கள். யாரும் கை வைக்காமலே பாட்டிலின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெளியே இருந்த கூடுதல் மூலக்கூறுகள் உள்ளே நுழையும் சத்தம்தான் அது.